பாக்கியம் வாய்க்காலுக்குள் விழுந்த நாள்

மகள் குளியலறையில் புதிதாக ஒரு போத்தல் வைத்திருக்கிறாள். தலையை அமத்தினால் சவுக்காரம் நுரையாகவே கைக்கு வருகிறது. தேய்க்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். நேற்று அதைப் பார்த்துத் தனியே நின்று நான் சிரித்த சிரிப்பில் மனுசி கதவைத் தட்டி, "என்னப்பா, உள்ளுக்கை ஆரோடை கதைக்கிறியள்?" என்று கேட்டாள். பாக்கியத்தோடு என்று சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உங்களுக்குச் சொல்லலாம். பாக்கியம் ஒரு சவுக்காரம்.

தொண்ணூறுக்குப் பிறகு, சண்டையாலும் பொருட்தடையாலும் யாழ்ப்பாணத்துக்கு எதுவுமே ஒழுங்காக வந்து சேராத காலம். சவுக்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். வாசம் பிடித்து ஒரு மாடு என் வெள்ளைச் சட்டையின் கையைச் சப்பியது. அந்த மாட்டுக்கே பயந்து ஓடியவன்தான் நான்.

அப்போதுதான் சுன்னாகத்தில் ராசா அண்ணை எண்ணெயைக் கிடாரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். சந்தையில் வெங்காய மூட்டை சுமந்து தொடங்கியவர். பிறகு தள்ளுவண்டி, சின்னக் கடை, கடைசியில் இந்தச் சவுக்காரக் கொட்டில். யாரும் கைதூக்கி விட்டதில்லை. என்ன அவசரமென்றாலும் மத்தியானம் வீட்டுக்குப் போய், மனைவி பாக்கியம் அக்காவுக்குச் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். முதல் கட்டி அச்சிலிருந்து விழுந்ததும் அதில் அக்காவின் பெயரைப் பதித்தார். அன்பு கூடிப்போனதில், அவவிடம் ஒரு சொல் கேட்க மட்டும் மறந்துவிட்டார்.

நான் படிப்பை முடித்து வேலையில்லாமல் திரிந்தவன். சைக்கிள் கரியரில் பெட்டி கட்டிக் கடை கடையாகப் போடும் உத்தியோகத்தனானேன். போன இடமெல்லாம் பகிடிதான். பாக்கியம் நுரைக்கிறா இல்லை என்பார் ஒருவர். பாக்கியம் கையைக் கடிக்கிறா என்பார் இன்னொருவர். நல்லூர்க் கடைக்காரர் ஒருவர் முகம் மாறாமல், "தம்பி, உங்கடை பாக்கியம் ஒரு கிழமையிலை கரைஞ்சு போறா. கொஞ்சம் காயவைச்சுக் கொண்டாருங்கோ" என்றார்.

இதெல்லாம் அக்காவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? பெயரை எடுக்காவிட்டால் பண்டத்தரிப்பில் தமையன் வீட்டோடு போய் இருந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, அண்ணையோடு கதையை நிறுத்திவிட்டா. அண்ணையும் எடுக்கமாட்டேன் என்று நின்றார். ஆனால் மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கிழமை ஒருநாள் தோட்டவெளியால் போய்க்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேல், சுட வரும் ஆமி ஹெலிகொப்டரின் சத்தம். சைக்கிள், பெட்டி, நான் மூவரும் ஒன்றாக வெங்காயத் தோட்டத்து வாய்க்காலுக்குள் பாய்ந்தோம். தெரிந்த தேவாரங்களையெல்லாம் அரைவாசி அரைவாசியாகச் சொல்லி முடித்தும் சத்தம் நகரவில்லை. தோட்டக்காரக் கிழவர் குனிந்து பார்த்தார்.

"தம்பி, அது என்ரை தண்ணி இறைக்கிற மெசின். மண்ணெண்ணெயிலை ஓடுறபடியாலை கொஞ்சம் இருமும்."

எழும்பினால் வாய்க்கால் நிறைய நுரை. நான் அடித்த நீச்சலில்தான் பாக்கியம் முதன்முதலாக நுரைத்திருக்கிறா. கிழவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாக்கியம் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டா என்று பக்கத்துத் தோட்டத்துக்குக் கூவினார். றோட்டால் போன ஒருவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சைக்கிளை உழக்கினார். செய்தி சுன்னாகம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாக்கியத்துக்கு மூச்சில்லை.

நடந்ததைச் சொல்ல நான் ஈரத்தோடு அண்ணை வீட்டுக்குப் போனால், முற்றம் நிறையச் சனம். நடுவில், துருவின தேங்காய்ப் பாதியோடு, தன்னுடைய செத்தவீட்டுக்கு வந்தவர்களை விளங்காமல் பார்த்துக்கொண்டு அக்கா நிற்கிறா. அப்போது படலையைத் தள்ளிக்கொண்டு அண்ணை வந்தார். கொதிக்கிற கிடாரத்தை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடி வந்திருக்கிறார். அக்காவைக் கண்டதும் மணலில் இருந்துவிட்டார். சந்தையையே பயப்பட வைத்த வியாபாரி, ஊர் பார்க்கக் குழந்தைபோல அழுதார்.

"பேரை எடுக்கிறன் பாக்கியம். இண்டைக்கே எடுக்கிறன்."

அக்கா கிட்டப் போய் அவருடைய காலைப் பார்த்தா. கல்லுக் கிழித்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு நுரையோடு நின்ற என்னையும் ஒருமுறை பார்த்தா. ஏதோ விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. என்ரை பேர் கிடக்கட்டும். அடிச்சுத் தோய்க்கிற சவுக்காரமொண்டு போடப்போறன் எண்டியளெல்லே? அதுக்கு உங்கடை பேரை வையுங்கோ."

செத்தவீட்டுக்கு வந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்த மாதமே ராசா பார் சவுக்காரம் வந்தது. பாக்கியத்தைவிட நன்றாக ஓடியது. கிணற்றடிகளில் பெண்கள் ராசாவை அடி அடியென்று அடித்தார்கள். அண்ணை அதைக் கேட்டுக்கொண்டு பெருமையாக நடப்பார்.

இருவரும் இப்போது இல்லை. கொட்டில் அவர்களுக்கு முன்பே போய்விட்டது. தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, ஊரை விட்டுக் கொட்டும் மழைக்குள் எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது, அடுக்கி வைத்திருந்த கட்டிகள் முழுவதையும் விட்டுவிட்டு, அக்காவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார் அண்ணை. பல மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். கூரை இல்லை. மழை எல்லாவற்றையும் கரைத்து, நிலமெங்கும் ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது. அண்ணை குந்தியிருந்து, ஒரு எழுத்தாவது தட்டுப்படுமா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எது ராசா, எது பாக்கியம் என்று பிரித்தறிய முடியவில்லை.