அசையாத கையில் நீல டயல்

காலையில எழுந்ததும் எனக்கு ஒரு வேலை இருந்துச்சு. இடது கையில வாட்ச்சைக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்துல மணிக்கட்டைத் திருப்பி, வலது கையால போன்ல படம் எடுத்து குரூப்புல போடணும். எங்க ஆளுங்க அதுக்கு ரிஸ்ட் ஷாட்னு பேரு வெச்சிருந்தாங்க. இன்னிக்கு நான் என்ன வாட்ச் கட்டியிருக்கேன்னு ஊருக்குச் சொல்றது. ஊருன்னா வாட்ச் சேக்கற கிறுக்கு பிடிச்ச கொஞ்சம் பேரு. அத்தனை பேரும் ஆம்பளைங்க, நான் ஒருத்திதான் பொம்பளை.

அந்தக் குரூப்புல யாருக்கும் யாரு பேரும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டோம். வாட்ச்தான் பேரு. நான் நீல டயல். ரோமன் எழுத்து போட்ட பழைய வாட்ச் கட்டற பெரியவரு ரோமன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கறவரு, தினம் காலையில குரூப்புல முதல் ஆளா ‘போன்ழூர்’னு பிரெஞ்சுல வணக்கம் போட்டுக் கடையைத் திறப்பாரு. தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகத்துல ஐஸ் வியாபாரம் பண்ற ஒருத்தருக்கு நான்தான் பேட்டரின்னு பேரு வெச்சேன். நாங்க எல்லாம் சாவி கொடுக்கற வாட்ச், கை ஆடினாத்தான் ஓடற ஆட்டோமேட்டிக் வாட்ச்னு அலையறப்ப, அவரு மட்டும் ரப்பர் பட்டை போட்ட பேட்டரி வாட்ச்சைக் கட்டிக்கிட்டு வருவாரு. உப்புத் தண்ணியிலயும் ஐஸ்லயும் கை விடறவரு வேற எதைக் கட்டுவாரு? ஆனா நாங்க விடுவோமா. ‘இன்னா பேட்டரி, செல் மாத்தியாச்சா?’ன்னு ஓட்டிக்கிட்டே இருப்போம். அவரும் சிரிச்சுக்கிட்டே, ‘முள்ளு வெச்ச வாட்ச்தானே, நானும் உங்க ஜாதிதான்’னு சொல்லுவாரு.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பீச் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு காபி கடை மாடியில கூடுவோம். மேஜை மேல ஒரு துணியை விரிச்சு, அவங்கவங்க கொண்டு வந்ததை அதுல வரிசையா வைக்கணும். ‘எடுக்கலாமா?’ன்னு கேக்காம யாரும் அடுத்தவங்க வாட்ச்சைத் தொடக் கூடாது. எடுத்தா ரெண்டு கையாலயும் எடுக்கணும். முதல்ல டயலைப் பாக்கணும், அப்புறம் காதுல வெச்சுக் கேக்கணும், அதுக்கப்புறம்தான் திருப்பிப் பின்பக்கம். பாத்தா பொண்ணு பாக்கற மாதிரி இருக்கும். இன்னொரு சட்டமும் உண்டு. வாட்ச்சைத் தவிர வேற பேச்சு பேசக் கூடாது. கட்சி, கோயில், வீட்டுப் பிரச்சினை எதுவும் வேணாம்னு ரோமன் முதல் நாளே சொல்லிட்டாரு. இதுக்கு முன்னாடி இருந்த குரூப்பு அதுலதான் அடிச்சுக்கிட்டுக் கலைஞ்சுதாம்.

அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஐம்பத்தஞ்சு வயசு தாண்டின பொம்பளையை எங்க போனாலும் ‘ஏன் கல்யாணம் பண்ணிக்கல, கூட யாரு இருக்கா’ன்னு கேப்பாங்க. கேக்காத ஒரே இடம் அந்த மாடிதான். வந்தோமா, பாத்தோமா, காபி குடிச்சோமா, கிளம்பினோமான்னு இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா மட்டும் ஒரு மாதிரி இருக்கும்.

‘மணி பாக்கத்தான் போன் இருக்கே, எதுக்கு இத்தனை வாட்ச்?’னு தட்டாஞ்சாவடி கம்பெனியில கூட வேலை செஞ்சவங்க கேப்பாங்க. நான் அங்க கணக்கு பாத்துட்டு ரிட்டையர் ஆனவ. போன் ஒரு நம்பரைக் காட்டிட்டு வாயை மூடிக்கும். முள்ளு அப்படி இல்ல. போன நேரத்தையும் வரப்போற நேரத்தையும் ஒரே வட்டத்துல காட்டும், சாயங்காலம் ஆபீஸ் விட இன்னும் எவ்ளோ தூரம்னு கண்ணாலயே அளந்துக்கலாம். அதுலயும் ஆட்டோமேட்டிக் மேல எனக்கு ஒரு பைத்தியம். அதுக்குச் சாவி கிடையாது, செல் கிடையாது. நான் நடந்தா, கையை வீசினா, துணி பிழிஞ்சா, உள்ள ஒரு தகடு சுத்தி அதுவே சாவி கொடுத்துக்கும். கருவடிக்குப்பத்துல என் மாடி வீட்டுல சாயங்காலம் ஆனா ஒரு சத்தம் இருக்காது. அப்ப வாட்ச்சைக் கழட்டிக் காதுல வெச்சா ஓடிக்கிட்டு இருக்கும். இன்னிக்கு நானும் நாலு இடம் போய் வந்திருக்கேன்னு அது சொல்ற மாதிரி இருக்கும். தனியா இருக்கறது பழகிடும்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல. எனக்குப் பழகவே இல்ல.

போன மழைக்காலத்துல மாடிப்படியில பாசி வழுக்கி விழுந்தேன். தொடை எலும்பு உடைஞ்சுபோச்சு. கீழ் வீட்டுக்காரங்கதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கொண்டுபோய்ச் சேத்தாங்க. மறுநாளே அவங்க பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு விழுப்புரம் கிளம்பிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியுமா?

காலுக்கு எடை கட்டிப் படுக்க வெச்சுட்டாங்க. பிளேட் வெச்சு ஆபரேஷன் பண்ணணும், ஆனா கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும், கூடவே இருக்கவும் வேணும்னு டாக்டர் சொன்னாரு. ‘நானே போடறேனே சார், எனக்குப் படிப்பு இருக்கு’ன்னு சொன்னேன். ‘உள்ள நீங்க மயக்கத்துல இருக்கறப்ப நான் யாருகிட்டம்மா பேசறது?’ன்னாரு. நர்சுங்க மாறி மாறி வந்து, ‘கூட யாரும்மா?’ன்னு கேட்டுட்டுப் போனாங்க. பிரான்ஸ்ல இருக்கற அண்ணனுக்குப் போன் பண்ணேன். ‘இப்ப உடனே எப்படிம்மா வர்றது? அங்க யாராவது இருப்பாங்க பாரு’ன்னாரு. பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி, மாமியாருக்கு முடியலை, ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னு சொன்னா. ஆபரேஷன் தள்ளிக்கிட்டே போச்சு. கால் வலியைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்த ‘யாராவது’ யாருன்னு படுத்துக்கிட்டு யோசிக்கறது இருக்கே, அதைத்தான் தாங்க முடியல.

குரூப்புல கேக்கலாம்னு தோணுச்சு. வாய் வரல. சட்டம் ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். ஒரு பொம்பளையா அங்க போய் உக்காந்து, எல்லாருக்கும் சமமா வாயாடினவ, இப்ப ‘எனக்கு யாரும் இல்ல’ன்னு எப்படி எழுதறது? அதனால ஒண்ணு பண்ணேன். விழுந்தப்ப கட்டியிருந்த நீல டயல் இன்னும் கையிலதான் இருந்துச்சு. அதே கையில டிரிப்ஸ் ஊசி, மேல வெள்ளை பிளாஸ்டர், அடியில ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு. எல்லாம் தெரியற மாதிரி படம் எடுத்துப் போட்டேன். யாராவது கேப்பாங்கன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

ரோமன் பூங்கொத்து போட்டாரு. ஒருத்தர், ‘லைட் பிரமாதம், நீலம் அப்படியே தூக்குது’ன்னாரு. இன்னொருத்தர் கேட்டாரு, ‘வெள்ளை ஸ்ட்ராப் மாத்திட்டீங்களா? நல்லா எடுக்குது’ன்னு. பிளாஸ்டரைத்தான் சொல்றாரு. சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு. பக்கத்து கட்டில்ல இருந்தவங்க வீட்டு ஆளுங்க பாக்கறாங்கன்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன்.

அடுத்த நாளும் படம் போட்டேன். அதுக்கும் பாராட்டு. ஊசி குத்தின கையை ஆட்டக் கூடாதுன்னு நர்சு சொல்லியிருந்ததால, கை கட்டில்லயே கிடந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் காலையில வாட்ச் நின்னுடுச்சு. நின்னதை அப்படியே படம் எடுத்துப் போட்டேன். அதுக்கு மட்டும் குரூப்பே எழுந்து உக்காந்துடுச்சு. இப்ப மணி ஏழு, முள்ளு வேற எங்கயோ நிக்குதேன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சாரு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்னாரு ஒருத்தர். ஆயில் காஞ்சிருக்கும், சர்வீஸுக்குக் குடுங்கன்னாரு இன்னொருத்தர். கண்ட கண்ட ஆளுகிட்ட குடுக்காதீங்க, சென்னையில எனக்குத் தெரிஞ்சவரு இருக்காருன்னு ரோமன் நீளமா எழுதினாரு. பாவிங்களா, வாட்ச்சுக்கு வைத்தியம் சொல்ல இத்தனை பேரு இருக்கீங்களேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அப்ப தனியா ஒரு மெசேஜ் வந்துச்சு. பேட்டரி.

‘அக்கா, எனக்கு இந்த மெக்கானிக்கல் சமாச்சாரம் தெரியாது. ஆனா கை ஆடினா ஓடற வாட்ச் நின்னா, கை ஆடலைன்னுதானே அர்த்தம்? உடம்புக்கு என்னா?’

அதை மறுபடி மறுபடி படிச்சேன். ‘கால் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கேன்’னு அடிச்சு அனுப்பினேன். எந்த ஆஸ்பத்திரின்னு அடிக்கறதுக்குள்ள போன்ல சார்ஜ் போயிடுச்சு. சார்ஜர் வீட்டுல. அதுவரைக்கும் இரவல் குடுத்துக்கிட்டு இருந்தவங்களும் அன்னிக்குக் காலையிலதான் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தாங்க.

மத்தியானம் சாப்பாடு கொடுக்கற நேரத்துல நர்சு வந்து என் கையைத் தூக்கித் திருப்பிப் பாத்தாங்க. ‘நீங்கதான் போல’ன்னாங்க. ‘வெளிய ஒரு ஆளு நிக்கறாரு. பேஷன்ட் பேரு கேட்டா தெரியலைங்கறாரு. வயசு கேட்டா தெரியலைங்கறாரு. போன்ல ஒரு கையைக் காட்டி, இந்தக் கை எந்த வார்டுன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு வர்றாரு.’

பேட்டரிதான் உள்ள வந்தாரு. ரெண்டு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டு வந்திருக்காரு. சட்டையில மீன் வாசனை. காபி கடையில அதுக்கும் நாங்க மூக்கைச் சுளிச்சிருக்கோம். நர்சு டாக்டரை வார்டுக்கே கூட்டிக்கிட்டு வந்தாங்க. ‘நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?’னு கேட்டதுக்கு என்னைத் திரும்பிப் பாத்தாரு. ‘தம்பி’ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாரு. அப்புறம் கட்டில் பக்கத்துல வந்து குனிஞ்சு, ‘அக்கா, உங்க பேரு என்னா?’ன்னு மெதுவா கேட்டாரு. சொன்னேன். அவரு பேரையும் கேட்டுக்கிட்டேன்.

அடுத்த நாள் காலையில ஆபரேஷன். உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப, வளையல், வாட்ச் எல்லாம் கழட்டி வீட்டு ஆளுகிட்ட குடுங்கன்னாங்க. வீட்டு ஆளுன்னு நின்னவரு அவருதான். ‘எடுக்கலாமா?’ன்னு கேட்டுட்டு, ரெண்டு கையாலயும் நீல டயலை வாங்கிக்கிட்டாரு. தன் கையில கட்டிக்கிட்டதும் நின்னு கிடந்த முள்ளு மறுபடி நகர ஆரம்பிச்சுச்சு.

மயக்கம் தெளிஞ்சு வார்டுக்கு வந்தப்ப அவரு கால்மாட்டுல நின்னுக்கிட்டு இருந்தாரு. சட்டை முழுக்க வேர்வை, முகமெல்லாம் சோர்ந்து கிடந்துச்சு. ‘ஏன் இப்படி வேர்த்திருக்கு?’ன்னு கேட்டேன். அவரு தன் கையில இருந்து என் வாட்ச்சைக் கழட்டி என் காதுகிட்ட வெச்சாரு. ஓடிக்கிட்டு இருந்துச்சு.

‘நீங்க உள்ள இருக்கறப்ப இது நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சுக்கா. அதான் உக்காரவே இல்ல. வராந்தாவுல நடந்துக்கிட்டே இருந்தேன்’னாரு.

கொஞ்ச நேரம் கையில கட்டி ஆட்டியிருந்தாலே போதும், அது சாயங்காலம் வரைக்கும் தானா ஓடியிருக்கும். அவரு நிம்மதியா உக்காந்திருக்கலாம். அதை நான் அவருகிட்ட இன்னிவரைக்கும் சொல்லல.