ரொதியோனின் பன்னிரண்டு நாற்றுகள்

ஃபாயினா யெகோரவ்னா முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்திருந்தவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எது பனியில் மாட்டிக்கொண்டது, எது வரவே வராது என்று சுலிம் ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் அவள் குரல்தான் சொன்னது. வீட்டில் அந்தக் குரல் ஒன்றுதான் கேட்கும். கணவன் ரொதியோன் அதிகம் பேசாத ஆள். படகுத்துறையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் தக்காளி.

அவனுடைய தக்காளி முழங்கால் உயரம்கூட வளராது. முட்டுக் குச்சி வேண்டாம், கிளை கிள்ள வேண்டாம். ஜூன் பாதியில் நட்டால் ஆகஸ்ட் குளிர் இறங்குவதற்குள் பழுத்துவிடும். இருபத்தாறு கோடைகள், முதலில் பழுத்ததைத் தின்னாமல் விதைக்கு ஒதுக்கி அவன் உருவாக்கிய ரகம். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அடுத்த வருடத்துக்கு வேண்டியதற்கு மேல் விதையைச் சேர்த்து வைக்கும் பழக்கமும் இல்லை. மிஞ்சியதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவான். வாங்கியவர்கள் விளைந்ததைத் தின்றார்கள், யாரும் விதை எடுத்து வைக்கவில்லை.

நவம்பரில் ஆறு உறைந்த வாரம் அவன் இறந்தான். அலமாரியில் ஒரே ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதன்மேல் அவன் கையெழுத்தில் வருடம் மட்டும்.

மார்ச் இருபத்தைந்து, அவன் வழக்கமாக விதைக்கும் நாள். அன்றே ஃபாயினாவும் விதைத்தாள். பொட்டலத்தில் இருந்ததே இருபது விதை; அதில் பன்னிரண்டு முளைத்தன. பால் அட்டைப்பெட்டிகளை வெட்டி மண் நிரப்பி நாற்றுகளை மாற்றினாள். ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் சாயாமலிருக்க தினமும் திருப்பி வைத்தாள். இவை போனால் அவன் தக்காளி உலகத்திலேயே கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

மே நடுவில் நான்கு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தோட்ட வேலிக்குப் போனாள். அடுத்த தோட்டம் தைசியாவுடையது. பள்ளிக்கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்றவள். ரொதியோன் வருடாவருடம் அவளுக்கு நான்கு நாற்று கொடுப்பான். நாற்று வாங்குகிறவர் நன்றி சொல்லக்கூடாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. சொன்னால் நாற்று வேர் பிடிக்காது. திருடிக்கொண்டு போவதுபோல் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போக வேண்டும்.

தைசியா பெட்டிகளை வாங்கிப் பார்த்தாள். கண் கலங்கியது. "ரொம்ப நன்றி, ஃபாயினா."

ஃபாயினா வேலியை எட்டிப் பிடித்தாள்.

"என்னடி சொன்னே?"

"ஐயோ!" தைசியா கெட்டது விலக இடது தோளுக்குப் பின்னால் மூன்று முறை துப்பினாள். "வாய் தவறி வந்துருச்சு. அவர் ஞாபகம் வந்துச்சா..."

"அவரு குடுத்தப்பல்லாம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? இந்த வருஷம் பாத்துத்தான் மரியாதை பொங்குதோ? குடு, திருப்பிக் குடு."

"குடுத்த நாத்தைத் திரும்ப வாங்கினா அது இன்னும் மோசம். பஸ் ஸ்டாண்டுல கத்துற மாதிரி கத்தாதே."

"கத்துவேன். இருக்கிறதே பன்னெண்டு. அதுல நாலைக் கொன்னுட்டே."

"தக்காளிக்கு என்ன காதா இருக்கு?" என்றாள் தைசியா. ஆனால் அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

அதன்பிறகு வேலிக்கு இரு பக்கமும் பேச்சில்லை.

அந்த நான்கும் போனதாகவே ஃபாயினா முடிவு கட்டிவிட்டாள். மீதி எட்டு. மே கடைசியில் நல்ல வெயில். செரியோமுகா மரங்கள் வெள்ளையாகப் பூத்து முடிந்து, அந்தப் பூவோடு வரும் குளிரும் வந்து போயிருந்தது. இனி என்ன பயம்? ரொதியோன் ஜூன் பன்னிரண்டுக்கு முன் நட்டதே இல்லை. "உங்க தக்காளிக்கு நல்ல நேரம் பாக்குறீங்களா?" என்று வருடாவருடம் அவனைக் கேலி செய்தவள் அவள். மே முப்பதாம் தேதி எட்டையும் மண்ணில் நட்டு வெள்ளைத் துணி போர்த்தினாள்.

ஜூன் ஏழு, விடிந்ததும் தோட்டத்துக்குப் போனால் வாளித் தண்ணீர் மேல் பனிக்கட்டி. துணியைத் தூக்கினாள். இலைகள் வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கின. ஒவ்வொரு தண்டையும் நகத்தால் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள். எட்டில் ஒன்றிலும் இல்லை. மண்டியிட்டவள் எழுந்திருக்கவில்லை. நவம்பரில் புதைத்தபோதுகூட அவன் இவ்வளவு முழுதாகப் போய்விட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

வேலிப் பக்கம் யாரோ செருமினார்கள். ரப்பர் பூட்ஸ், இரவு உடைக்கு மேல் கோட்டு, தைசியா. கையிலிருந்த தட்டில் நான்கு பால் பெட்டிகள். செடிகள் கட்டையாக, தடித்த தண்டோடு, கரும்பச்சையாக நின்றன.

"நான் நடவே இல்ல," என்றாள். "நன்றி சொல்லித் தொலைச்சேனே, அந்தப் பயம். பகல்ல வராந்தா, சாயங்காலம் ஆனா அடுப்படி. எம் புருஷனைக்கூட இப்படித் தாங்கினதில்ல. செத்துப்போச்சுன்னா என் வாயாலதான்னு நீ ஒலிபெருக்கி வச்சுச் சொல்லுவியே."

ஃபாயினா எழுந்து வந்தாள். வாய் திறந்தாள்.

"ஒரு வார்த்தை பேசினே, தட்டோட திரும்பிப் போயிருவேன்!"

ஃபாயினா வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பெட்டிகளை எடுத்தாள். மற்ற இரண்டையும் தட்டோடு தைசியாவின் பக்கமே தள்ளினாள். நான்கும் ஒரே தோட்டத்தில் இருக்கக் கூடாது. தைசியாவுக்குப் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் பன்னிரண்டில் இரு தோட்டத்திலும் நட்டார்கள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி முதல் பழம் சிவந்தது, தைசியாவின் பக்கத்தில். அவள் அதைத் தொடவில்லை. வேலியில் ஒரு பலகையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

ஃபாயினா அந்த வழியாக வந்து, பழத்தைப் பறித்து, விதையைக் கண்ணாடிக் குவளையில் வழித்தாள். காய்ந்ததும் இரண்டு பொட்டலம். ஒன்று ரொதியோனின் பழைய காகிதத்திலேயே; அவன் எழுதிய வருடத்துக்குக் கீழே புது வருடத்தை எழுதினாள். மற்றதை வேலிச் சந்து வழியே நீட்டினாள். தைசியா உதட்டை இறுக்கிக்கொண்டு அதை வாங்கிப் போனாள்.