சனிக்குப் பதில் காட்டிய கேலக்ஸி

டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வானம் காட்டுவது மேகத்தை நம்பிய பிழைப்பு. கூட்டத்துக்கு முன்னால் நின்று எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

போன வருடக் கடைசியில், புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். அடுத்த வருட முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளைகூடப் பதியவில்லை. வானம் காட்டினால் பெற்றோர் வருவார்கள், வந்தால் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

கைவசமிருந்த நல்ல சரக்கு

தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் இப்போது லுக்குட் பட்டணத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளில் இருக்கின்றன. முதலில் அங்கேயே போனோம். வளையத்தோடு சனியைப் பிடித்து வைத்தேன். மற்ற இடங்களில் அதைப் பார்க்க முண்டியடிப்பார்கள். இங்கே முதலில் நின்ற அம்மா, சனி என்ற பெயரைக் கேட்டதும் மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது நம்மள பாக்குறது பத்தாதுன்னு, நாமளே போய் எட்டிப் பாக்கணுமாண்ணே?"

மரியாதை

அடுத்த வாரம் பள்ளித் திடல். சனியே வேண்டாமென்று, லென்ஸ் வடிவில் இருக்கும் தூரத்துக் கேலக்ஸி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதற்கு நல்ல இருட்டு வேண்டும்; செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருட்டுக்குப் பஞ்சமில்லை. தாமானிலிருந்து பெற்றோரை ஏற்றிவந்த வேன் நின்றதும், ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கிய மண்டோரான பக்கத்துக் கோயில் தலைவர், திருவிழா சீரியல் பல்பு முழுவதையும் போட்டுவிட்டார். கேலக்ஸி போன இடம் தெரியவில்லை. அணைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வந்தவங்கள இருட்டுல நிக்க வைக்கிற பழக்கம் நமக்கு இல்ல லா, தம்பி."

கேட்ட கேள்வி

தலைமையாசிரியை சொன்ன பிறகுதான் விளக்குகள் அணைந்தன. ஓர் இளம் அப்பா குனிந்து பார்த்தார். கலர் இல்லை. நடுவில் சற்றுப் பிரகாசம், ஓரத்தில் கரைந்துபோகும் வெள்ளைத் தீற்றல், அவ்வளவுதான். படத்தில் சுருள் சுருளாகக் கைகள் இருக்குமே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்டார்.

இந்த வகைக்குக் கைகள் கிடையாது, வாயு அநேகமாகத் தீர்ந்துவிட்டது, புது நட்சத்திரங்கள் பிறப்பது அரிது, தெரிவதெல்லாம் பழசுகளின் வெளிச்சம் என்றேன். நான் வானத்தைப் பற்றித்தான் சொன்னேன். அவர் பூட்டிக் கிடந்த முதலாம் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். யாரும் பெயர் பதியாமலே வேன் கிளம்பியது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தலைமையாசிரியை என்னைத் திட்டவில்லை. கடைசி ஆளாக வந்து வெகுநேரம் பார்த்தார்.

"அங்க புதுசா ஒண்ணும் பொறக்கலைன்னாலும், யாரும் வந்து இழுத்துப் பூட்டலையே சார்."

வானத்தைக் காட்டுவது சுலபம். காட்டி முடித்து எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் யாரும் சொல்லித்தராத பாடு.