பெரிய றானா

உக்குவளையில் மஸூதா வீட்டுக்குப் போனால் தரையில் கிடக்கிற சாக்கை மட்டும் மிதித்துவிடாதீர்கள். அது கால் துடைக்கப் போட்டதல்ல. அஞ்சாறு நாளில் அதில் பிறை முளைக்கும், மீன் முளைக்கும். போன மாதம் ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட முளைத்தது.

எல்லாம் ஒரு நோன்பு மாதத்தில் தொடங்கியது. சர்பத்துக்கு ஊறவைத்த கசகசா, அந்தக் கறுப்புச் சப்ஜா விதை, வழுவழுவென்று வீங்கி, குசினிச் சாக்கில் சிந்தி ஒட்டிக்கொண்டது. பெருநாள் வேலையில் அதை யார் கவனித்தார்கள்? ஒரு நாள் பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒரு கோடு! அன்றைக்குப் பிடித்தது மனுஷிக்கு, விதையாலேயே சாக்கில் படம் போடும் பைத்தியம். பயறு போட்டாள், நெட்டையாக வளர்ந்து சாய்ந்தது. கடுகு போட்டாள், தண்ணீரோடு உருண்டு ஓடியது. கசகசாதான் வைத்த இடத்தில் இருந்தது. தனக்கு ஒரு கிளாஸ் சர்பத்துக்குக்கூட மிஞ்சுவதில்லை என்று புருஷன் மக்கீன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சாக்கு போகட்டும், அவள் மனசெல்லாம் தம்பி றம்ஸியிடம்தான் கிடந்தது. கொழும்பில் கடிகாரம் திருத்துகிறவன். போன வருஷம் மனைவி மௌத்தாகி அவன் தனியாளானதிலிருந்து ஒரு வீட்டிலும் தங்குவதில்லை. வருவான், தேத்தண்ணி குடிப்பான், அடுத்த ரயிலுக்கு ஓடுவான். அந்த ஒற்றை அறையில் என்ன தின்கிறானோ, யாரோடு பேசுகிறானோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.  அவனுக்கு ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், லீவு என்று கேள்விப்பட்டதும், அவன் பேரையே சாக்கில் விதைத்து ஈரத்துணியால் மூடினாள்.

மறுநாள் வந்தவன் வழக்கம்போல உட்காரும்போதே ரயில் நேரம் கேட்டான். அப்புறம் துணியைப் பார்த்து, உள்ளே என்ன என்றான். முளைத்தால் தெரியும், இப்போது திறந்தால் பட்டுவிடும் என்று சொல்லிவிட்டாள். மூடிக் கிடக்கிற எதையும் திறந்து பார்க்காமல் தூக்கம் வராத ஜாதி அவன். அன்றைய ரயிலை விட்டான். மறுநாள் ரயிலையும் விட்டான். காலையும் மாலையும் தானே துணிமேல் தண்ணீர் தெளித்தான், இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றான். மூன்றாம் நாள் தெளித்துக்கொண்டே, மனைவிக்கும் சர்பத் என்றால் உயிர் என்று சொன்னான். அவளைப் பற்றி அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மஸூதா குசினிக்குள் போய் அழுதாள்.

ஐந்தாம் நாள் துணியை எடுத்தார்கள். பொடிப் பொடியாக, வெளிர்பச்சையில் 'ரம்ஸி' என்று நின்றது.

சின்ன ரானா! அவர்களுடைய வாப்பா பள்ளிக்கூடத்தில் மல்லுக்கட்டி பெயர் இடாப்பில் இவனுக்குப் பெரிய றானா போட வைத்தவர். அந்த வீட்டில் பிறந்தவர்கள் தூக்கத்தில் எழுதினாலும் அது பிழையாகாது.

"ராத்தா, றானாவில கடைசி வளைவைக் காணோமே."

"வயசாகுதில்லயா, மறந்துட்டேன்," என்றாள், சாக்கையே பார்த்துக்கொண்டு.

 அவன் எழுந்துபோய் ஒரு கரண்டி கசகசாவை ஊறப்போட்டான். பையிலிருந்து கடிகார வேலைக்கான கூர்ச்சாமணத்தை, அந்தப் பொடி இடுக்கியை, எடுத்துவந்து குந்திக்கொண்டு, விதையை ஒவ்வொன்றாக எடுத்து வளைவை முடித்தான். ஈரத்துணியை அவனே மூடினான். அப்புறம் போனை எடுத்து, கடை முதலாளியிடம் இன்னும் ஒரு கிழமை லீவு கேட்டான்.

"மத்த எழுத்தில எதையாவது மறந்தீங்களா, ராத்தா? இப்பவே சொல்லுங்க."

"நீ போற அன்னைக்குச் சொல்றேன்," என்றாள் மஸூதா.