பச்சை மழையில் காயும் விரிப்புகள்

துணி காய்ந்துவிட்டதா என்று முகம்மது மீரான் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. விரிப்பின் ஓரத்தை இழுத்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி ஒரு கணம் நிற்கிறார். சரியாக இருந்தால் கிளிப்பைக் கழற்றுவார். இல்லாவிட்டால் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கொடிக்குப் போவார். "தண்ணியிலேயே கெடக்குத கை அண்ணாச்சி, அது பொய் சொல்லும்" என்கிறார்.

சவுதியில், தம்மாமில் ஒரு சலவை நிலையத்தில் பல காலம் வேலை பார்த்துவிட்டு வந்து, மேலகரத்தில் இரண்டு மிஷின் போட்டிருக்கிறார். குற்றாலத்து லாட்ஜ்களின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் இங்கேதான் வருகின்றன. சீசனில் அவற்றில் பாதி எண்ணெய். மசாஜ் செய்துகொண்டு அருவிக்குப் போகாமல் அப்படியே படுத்துவிடுகிறவர்களைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தை அச்சில் ஏறாது.

துவைப்பது பெரிதில்லை. சாரல் விழும் ஊரில் காயவைப்பதுதான் பாடு. ஈரத்துணியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே வீரகேரளம்புதூர்ப் பக்கம் போய்விடுகிறார். மலையிலேயே மழையைக் கொட்டிவிட்ட காற்று அங்கே வெறுங்கையோடு வந்து மின்சாரக் காற்றாடிகளைச் சுழற்றுகிறது. அவற்றின் நடுவில் ஒரு தரிசில் இவர் கொடி கட்டியிருக்கிறார். இறக்கைகளின் நிழல் ஒவ்வொரு விரிப்பாக ஏறி இறங்கிப் போகும்.

முதல் வருடம், போனில் மழை ராடார் படம் பார்க்கும் பழக்கம் பிடித்தது. பார்த்தால், சரியாகத் தரிசுக்கு மேலே பச்சைத் திட்டு. பச்சை என்றால் மழை. அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளிக்கொண்டு ஓடி வருவார். அந்த ஆடி முழுக்க வீட்டில் எல்லோரும் லாட்ஜ் விரிப்புக்கு அடியில் குனிந்துதான் நடந்தார்கள். "ஊரெல்லாம் வெயில் அடிக்கி, நம்ம வீட்டுக்குள்ளதான் சொட்டுது" என்று அவர் மனைவி மெஹர் பானு இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிக்காட்டுகிறார்.

காற்றாடி பழுதுபார்க்கும் காமராஜ்தான் விஷயத்தை உடைத்தார். ராடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புவது போலவே இந்த இறக்கைகளிலும் பட்டுச் சிதறித் திரும்புகிறதாம். மலை, கட்டடம் என்று அசையாமல் நிற்பதைக் கழித்துவிடும். இறக்கை சுழல்வதால் அதை மழைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. "ஓடுத வரைக்கும் பச்சை இருக்கும் பாய். நின்னா போயிரும்."

அன்றிலிருந்து மீரான் படத்தைத் தலைகீழாகப் படிக்கிறார். பச்சை இருந்தால் காற்று இருக்கிறது. காற்று செத்த நாளில்தான் அங்கே இடிமழைக்கு வழி. இதுவும் எப்போதும் பலிப்பதில்லை. ஒருமுறை காற்றாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்த மழையில் மொத்தமும் நனைந்தது. பச்சைக்குள்ளே பச்சை வந்தால் யாருக்குத் தெரியும் என்று சிரிக்கிறார்.

லாட்ஜ் மேனேஜர் ஆவுடைநாயகம் படத்தை நேராகப் படிப்பவர். பச்சையைப் பார்த்ததும் போன் போடுவார். மீரான் எத்தனை விளக்கினாலும், "ஒம்ம காத்தாடி என்ன, ராடாரயே ஏமாத்திருமோ?" என்பார். போன சனிக்கிழமை கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். அறைகள் நிரம்பிவிட்டன, சாயங்காலத்துக்குள் உலர்ந்த விரிப்பு வராவிட்டால் இனி வேறு ஆள். மீரானுக்கு அந்த லாட்ஜ்தான் பாதிப் பிழைப்பு.

அன்று மத்தியானம் கொடிகள் நிறைந்திருந்தன. வண்டிக்குள் உட்கார்ந்து அவர் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது போன் வந்தது. மேனேஜரின் குரல் வழக்கத்துக்கு மாறாகக் கனிந்திருந்தது. "பாய், இப்பத்தான் பாத்தேன். பச்சை சுத்தமா போயிட்டு. இனி பயமில்ல, நல்லா காயட்டும்."

மீரான் தலையை நீட்டி வெளியே பார்த்தார். நடுக்கொடியில் ஒரு விரிப்பின் மேல் இறக்கையின் நிழல் நகராமல் கிடந்தது.

"சந்தோஷம் அண்ணாச்சி" என்றார். தூக்கை மூடிவிட்டு இறங்கி ஓடினார். முதல் விரிப்பு கன்னத்தில் சூடாகப் பட்டது. கண்ணை மூடவில்லை, அடுத்த கிளிப்பில் ஏற்கெனவே அவர் கை இருந்தது.