ஆடிக் காட்டச் சொன்ன அதிகாரி

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் காட்டுநாயக்கர் குடியிருப்பின் வருங்காலத் தலைவராகிய எனக்கு மீசை அரும்பிவிட்டது. வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

தாத்தா, அப்பா, அடுத்து நான். தலைமை எங்கள் வீட்டில் வாரிசு வழி. இதுவரை வந்து சேர்ந்தது மீசை மட்டும்...

நான் எட்டாவது படிக்கும்போது நடந்தது இது. மழை விட்டு, கரிசல் மண் வெயிலில் வேகும் வாசனை. ஜீப்பில் வந்த அதிகாரி, செருப்பில் அப்பிய மண்ணை எங்கள் வாசற்படியில் வழித்துக்கொண்டே உள்ளே பார்த்தார்.

அக்காவுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேர முடியும். அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையில் அதிகாரிகள் மாறினார்கள், பதில் மாறவில்லை. நாங்கள் நிஜமாகவே பழங்குடிதானா என்று சோதிக்க வந்தவர் இவர்.

"காட்டு ஆளுக வீட்ல டிவி எதுக்குய்யா?"

"காடு எங்கன சார் விட்டு வச்சிருக்கீங்க?" என்றார் அப்பா.

"சரி, உங்க ஆட்டத்தக் கொஞ்சம் ஆடிக் காட்டுங்க. நானும் ரிப்போர்ட் எழுதணும்லா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அது சாமி முன்னால ஆடுதது சார். ஆபீசர் முன்னால ஆடுதது இல்ல."

இதை எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த சாரும் ஒருநாள் சாதிச் சான்றிதழ் வாங்கியவர்தானே? அவரை எவன் ஆடச் சொன்னான்?

பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லும்போது, "நீங்க மொதல்ல ஆடுங்க சார், நாங்க மார்க் போடுதோம்" என்று நான் சொன்னதாக முடிப்பேன். கைதட்டு அள்ளும்.

அன்று நர்சிங் கனவில் இருந்த அக்கா, இன்று கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறாள். அப்பா அதே ஆபீசுக்கு இன்னும் நடக்கிறார், இப்போது என் சான்றிதழுக்காக. நாளைக்கு இன்னோர் அதிகாரி வருகிறாராம்.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. கதவோரம் அக்கா அழுதுகொண்டு நின்றாள். அப்பா ஆடமாட்டார் என்று தெரிந்ததும் நானே போய் ஆடினேன். எனக்குத் தெரிந்தது கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் பழகிய சினிமா ஸ்டெப் மட்டும்தான்.

"இது சினிமாலா" என்று சிரித்துவிட்டு அதிகாரி ஜீப் ஏறினார். சான்றிதழும் போச்சு, சீட்டும் போச்சு.

அப்பாவுக்கு மீசை துடித்தது.

நாளைக்காவது அந்த வரியை நிஜமாகவே சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இந்த மீசை...

அதிலும் பாதி அக்காவின் கண்மை.