நீளப் பஸ்ஸில் ஒரு சுற்று

எங்கள் பாதையில் நீளப் பஸ் ஓடத் தொடங்கியபோது ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அதற்கும் தெம்பில்லை. பாலையூற்றிலிருந்து சந்தையடி, ஆஸ்பத்திரி வழியாகத் துறைமுக வாசல் வரை போய்த் திரும்பும் அந்தப் பஸ், பழைய பஸ் இரண்டைச் சேர்த்த நீளம். நடுவில் றப்பர் மடிப்பு. சந்தையடி வளைவில் அது திரும்புவதென்றால் ஓட்டோக்காரர் எல்லோரும் பின்னுக்கு எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் மாடுபோல வீதியில் படுத்திருக்கும் மான்களை யாராவது இறங்கிப் போய் எழுப்ப வேண்டும். அதற்குள் எனக்குத் தலையிடி தொடங்கிவிடும்.

ஒரே ஒரு நன்மை, அதன் படி தாழ்வு. என் கணவரைப் பாரிசவாதம் விழுத்தி வலது பக்கம் இழுத்துவிட்டது, வாய்ப்பேச்சும் போய்விட்டது. கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் பயிற்சி. விடாமல் கூட்டிவந்தால் நடப்பார், விட்டால் கட்டிலோடுதான் என்று அங்கே பயிற்சி கொடுக்கும் பிள்ளை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவரோ வரமாட்டேன் என்று இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையைப் பிரித்தெடுப்பதற்குள் எனக்குச் சீவன் போய்விடும். குளிக்க வார்ப்பது, சோற்றை வாயில் தீத்துவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் நான்தான். எனக்கு அலுத்துவிட்டது. கட்டின மனிசனைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் ஒரு கிழமை வந்து நின்று பார்க்கட்டும்.

அவர் இதே பாதையில் சின்னப் பஸ் ஓடிய காலமெல்லாம் கொண்டக்டராக இருந்தவர். பஸ்ஸுக்குள் மணி இருந்தாலும் எங்கள் பக்கத்துக் கொண்டக்டர்மாருக்குக் கைதான் மணி. தகரத்தில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. சாரதிமாரின் காலும் அதற்குத்தான் பழகியிருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பையையும் அவர் ஊன்றும் பொல்லையும் எடுத்துக்கொண்டு நான் முதலில் இறங்கினேன். அவரைப் பிடித்து இறக்கத் திரும்பினால், நடுக்கதவோரம் இருந்தவர் இடது கையை ஓங்கிப் பஸ்ஸின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். கதவு மூடியது. பஸ் போய்விட்டது.

"தம்பி, நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன். கதவும் மூடி, அந்த நீளத்துக்கு முன்னால் இருப்பவருக்கு என்ன கேட்கும்? ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினேன். விழுந்துவிட்டால் தன் பேரைக்கூட அவரால் சொல்ல ஏலாது. பொல்லும் என் கையில்.

துறைமுக வாசலில் சனம் இறங்கிய பஸ் நின்றது. சாரதி கீழே இறங்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "பயப்பிடாதேங்கோ அக்கா. ரெண்டு தட்டுக் கேட்டுது, பழக்கத்தில எடுத்திட்டன். அண்ணையும் பழக்கத்திலதான் தட்டியிருப்பார்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், யன்னலால் அவரைப் பார்க்கும் வரை. கப்பல்களைப் பார்த்தபடி, கோணிய வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு நாளும் நான் காணாத சிரிப்பு. என்னைக் கண்டதும் அது நின்றது. நான் ஏறிப் போனதும் தூக்கிவிடு என்று கையை நீட்டினார். ஒரு நொடியில் திரும்ப நோயாளியாகிவிட்டார்.

"என்னட்டை இருந்து தப்பி ஓடினீங்களோ?"

ஓம் என்று தலையாட்டினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்தது. பக்கத்து சீற்றில் குந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். "எனக்கும் ஓட ஆசைதான். நான் எங்க ஓட?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதே பஸ்ஸில் திரும்பிப் போகும் வழியில் நான்தான் பேரம் பேசினேன். "பயிற்சிக்கு வாங்கோ. முடிஞ்ச பிறகு ஒரு சுற்று தனியப் போட்டு வாங்கோ. நான் வரமாட்டன்." சாரதியும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்த கிழமை அவர் கட்டிலைப் பிடிக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் சாரதிக்குப் பின்சீற்றில் அவரை இருத்திவிட்டு இறங்கினேன். பஸ் போன பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறுத்தத்து மர வாங்கில் சாய்ந்து இருந்தேன். எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது.

சாரதி கூப்பிட்டு எழுப்பியபோது வெயில் மறுபக்கம் சாய்ந்திருந்தது. பஸ் முன்னால் நின்றது.

"இவ்வளவு நேரமோ ஒரு சுற்றுக்கு?" என்று கேட்டேன்.

"இது ரெண்டாவது அக்கா. முதல் சுற்று முடிஞ்சு வரேக்க நீங்கள் நல்ல நித்திரை. எழுப்ப வேண்டாம், போவம் எண்டு அண்ணை கை காட்டினவர்."

பாரிசவாதம் வந்த பிறகு அவர் எனக்காகச் செய்த முதல் வேலை அது.